பரணில் மிஞ்சிய டைல்

வேதவல்லியின் அடுப்படியை அளந்த டேப், அறுபது டைல் போதும் என்றது. டைல்ஸ் மேஸ்திரி பவுன்ராஜ், "உடைசலுக்கு ஒரு பெட்டி சேர்த்து வாங்குங்கம்மா" என்றார். உடைந்தது போக ஒரே ஒரு டைல் மிஞ்சிப் பரணுக்குப் போனது. அங்கே கிடந்த டேப், "என் அளவு தப்பாது. நீ தண்டம்" என்று பன்னிரண்டு வருஷம் அதைச் சீண்டியது.

ஒருநாள் கிரைண்டர் குழவி கை நழுவி விழுந்து தரையில் ஒரு டைல் உடைந்தது. அந்த ரகம் இப்போது கடையில் இல்லை. பரணில் இருந்ததை இறக்கிப் பதித்தார்கள்.

ஆசிட் ஊற்றித் தேய்த்தே மங்கிப்போன பழைய டைல்கள் அதன் இளநீலத்தைப் பார்த்தன.

"யாரு நீ, புதுசா?"

"உங்ககூட வந்தவன்தான். ஒரே லாரி."

சிங்க் ஓரத்து டைல் மெல்லக் கேட்டது:

"அப்போ நாமளும் இந்த நிறத்துலதான் வந்தோமா?"