திரும்பி வந்த சர்க்கரை

மாவு எழும்பியிருந்தது.

ஈரத்துணியை விலக்கி விரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி மெல்ல மேலே வந்தது. இன்றைக்கென்று பார்த்து ஈஸ்ட்கூட அவள் பக்கம்தான்.

இருபத்து நான்கு டோனட். நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பெண்ணை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம்.

போனில் அந்த ஆர்டரை மறுபடியும் எடுத்துப் படித்தாள். குமுதவல்லி, வீட்டு எண் 302. கீழே ஒரு வரி: 'முட்டை கூடாது. ஆசாரமான வீடு. சுத்தமாகச் செய்வீர்கள்தானே?'

'கண்டிப்பாக, மேடம்' என்று நேற்றே பதில் போட்டிருந்தாள்.

அவள் வீடு 202. நேர் கீழே.

குமுதவல்லிக்கு அது தெரியாது. இன்ஸ்டாகிராமில் 'வெண்பஞ்சு' என்ற பெயர் இருக்கிறது. விதவிதமாக டோனட் படம் இருக்கிறது. செய்கிறவள் முகம் இல்லை.

அவள் குடிவந்த வாரம் மாடிப்படியில் நிறுத்தி விசாரித்தவள் குமுதவல்லிதான். சொந்த ஊர் எது என்றாள். சொன்னாள். அந்த ஊரில் எந்தத் தெரு என்றாள். அதையும் சொன்னாள். மறைக்க என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலமே ஆறு டோனட்டை எவர்சில்வர் டப்பாவில் வைத்து மேல் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கம்பக்கத்தில் பழக வேண்டுமே.

டப்பா மறுநாள் திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாகத் தரக் கூடாதென்று உள்ளே ஒரு கரண்டி சர்க்கரை. ரொம்ப நல்லா இருந்தது என்று ஒரு சிரிப்பு வேறு.

அவளும் நம்பினாள். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தாள். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு எரிகிறது.

வாட்ச்மேன் சூசைதான் சொன்னார். பாவம், ஒன்றும் அறியாமல்.

"மேல் வீட்டம்மா அன்னைக்கு உள்ள மாம்பழம் வெச்ச பன்னு ஆறு குடுத்தாங்கம்மா. அவங்க வீட்ல யாரும் தொடலையாம். என்னா ருசிங்கறீங்க!"

அந்தச் சர்க்கரையை அவள் டீயில் போடவில்லை. கொட்டவும் இல்லை. சின்னப் பாட்டிலில் போட்டுப் பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

ஆறு மாதமாக அங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் மிதமாகக் காய்ந்தது. டோனட்டுகள் உப்பி மிதந்தன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு வெள்ளைக் கோடு. சரியாக எழும்பிய மாவில் மட்டுமே விழும் கோடு அது.

ஆறவிட்டுப் பக்கவாட்டில் குச்சியால் துளை போட்டாள். முட்டையில்லாத மாம்பழக் கஸ்டர்டு நிரப்பிய பையின் முனையைச் செருகி, கையில் கனம் தெரியும்வரை பிழிந்தாள்.

மிளகாய்த்தூள் டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஒரே ஒரு டோனட் போதும். அது மாப்பிள்ளையின் அம்மா கைக்குப் போனால் போதும்.

நினைக்கவே இனித்தது.

வேண்டாம். காரம் என்றால் துப்பிவிடுவார்கள். அவள் கையால் செய்தது இன்னொரு தடவை அந்த வீட்டுக்கு வெளியே போகக் கூடாது. ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் உள்ளே போக வேண்டும். தின்றுவிட்டு விரலைச் சப்ப வேண்டும்.

பாட்டிலை எடுத்தாள். சர்க்கரை கட்டிதட்டிப் போயிருந்தது. மற்ற சர்க்கரையோடு சேர்த்து மிக்ஸியில் ஓட்டினாள். பாலும் வெண்ணெயும் விட்டுக் கலக்கினாள்.

ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். பூச்சு பளபளவென்று உறைந்தது.

இவ்வளவு நன்றாக அவள் இதுவரை செய்ததில்லை.

டெலிவரிக்காரர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, எடுக்கறதும் இதே பில்டிங், குடுக்கறதும் இதே பில்டிங்னு காட்டுது?"

"ஆமாண்ணே. நான் கொண்டுபோனா யாரும் திங்க மாட்டாங்க."

நான்கு மணிக்குத் தலைக்கு மேல் நாற்காலிகள் இழுபட்டன. அப்புறம் பேச்சு. அப்புறம் சிரிப்பு. வேலை ஒன்றும் ஓடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் குமுதவல்லியின் குரல் செய்தி வந்தது.

"வாயில போட்டா அப்படியே கரையுதும்மா! சம்பந்தி வீட்ல ஆளுக்கு ரெண்டு. நானே மூணு சாப்ட்டேன்னா பாத்துக்கோங்க. பெட்டியில ஒண்ணு மிச்சமில்ல. மேல அந்தச் சர்க்கரைப் பூச்சு இருக்கே, என்ன கைப்பக்குவம்! எந்தப் பக்கம் உங்க வீடு? நேர்ல வந்து பாக்கணும்."

இரண்டு முறை கேட்டாள். 'மூணு' வருகிற இடத்தை மட்டும் இன்னொரு முறை.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக அடித்தாள்.

'202. பூச்சில் ஒரு கரண்டி, நீங்கள் அன்றைக்கு டப்பாவில் போட்டுத் தந்த சர்க்கரை.'

டிக் இரண்டும் நீலமாயின.

தலைக்கு மேல் நடந்துகொண்டிருந்த கால்கள் நின்றன.

கொஞ்ச நேரத்தில் மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ வாய் கொப்பளித்தார்கள். மறுபடி கொப்பளித்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கொப்பளிக்கட்டும். நான்கு மணிக்கே உள்ளே போயாகிவிட்டது.

சூசைக்கென்று கூடுதலாகச் செய்து வைத்திருந்த இரண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"சாப்பிடுங்கண்ணே. நான் செஞ்சது."

சூசை ஒரு கடி கடித்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அவளைப் பார்த்தார்.

பிறகு தலையை நிமிர்த்தி மூன்றாவது மாடியைப் பார்த்தார்.