குடை எங்கே?

அனிமே கார்ட்டூன் பட இயக்குநரின் மேசையில் கிடந்த படக்கதைப் புத்தகத்துக்கு, பக்கத்திலேயே வரைந்துகொண்டிருந்த பென்சில் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

"என்னய்யா அது, கோடு கோடா?"

"மழை."

"மழையா? தண்ணியில்லாத ஊர்ல ஒரு பொண்ணு வாளியத் தூக்கிக்கிட்டுத் தண்ணி தேடிப் போறதுதான்யா என் கதையே!"

"எங்க இயக்குநருக்கு மழை இல்லாமப் படம் எடுக்க வராது."

"அப்போ அவ எதைத் தேடிப் போறா?"

பென்சில் கொஞ்சம் தயங்கியது. "குடையை."

படம் சக்கைப்போடு போட்டது. உடனே புத்தகத்துக்கும் புதுப் பதிப்பு வந்தது; அட்டையில் அந்தப் பெண், கையில் குடை, சுற்றிலும் மழை. அதே மேசைக்கு வந்து சேர்ந்த புதுப் புத்தகம், பழையதை மேலும் கீழும் பார்த்தது.

"குடையைக் காணோம், வாளி இருக்கு. உண்மையைச் சொல்லு, நீ திருட்டுப் பதிப்புதானே?"