இரண்டு பெருவிரல்கள்

நீலத்துறை மீனவர் சங்கத் தலைவர் அலியார் மீது முறைப்பாடு வந்து நாலு நாளாகியிருந்தது.

‘சங்கத்து மண்ணெண்ணெயைத் தலைவர் களவாக மூதூருக்கு விற்கிறார்.’ கீழே பெயர் இல்லை. ‘ஓர் அங்கத்தவர்’ என்று மட்டும் இருந்தது.

அது சங்கத்தின் புது ஏற்பாடு. அடையாள அட்டை அவரவர் கைபேசியிலேயே இருக்கும். அதைக் காட்டி முறைப்பாடு எழுதினால், எழுதியவர் உண்மையான அங்கத்தவர்தான் என்று கணினி உறுதி சொல்லும். யார் என்று சொல்லாது. வேண்டுமென்றே பொய் எழுதினால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். நீதிமன்றம் கட்டளையிட்டால், அங்கத்தவர்கள் தெரிவுசெய்த இருவர் சேர்ந்து கணினியில் பெருவிரல் வைக்க வேண்டும். பெயர் திறந்துவிடும்.

அந்த இருவர், சல்லிக் கிராமத்துக் கதிரவேலும் சித்தி பரீதா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையும். இருவரையும் ஓர்ஸ் ஹில் குன்றின் இறக்கத்திலுள்ள காரியாலயத்துக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்தினார் அலியார்.

“எழுதினது ஆரெண்டு எனக்குத் தெரியவேணும்.”

“ஏலாது தலைவர்,” என்றார் கதிரவேல். “கோட்டுக் கட்டளை இல்லாமல் நான் தொடமாட்டன். எங்களை நம்பித்தானே சனம் எழுதுது.”

“சரி அண்ணன். மகன் கோகுலன்ர வள்ளத்தைக் கட்ட ஜெட்டிக்குப் பக்கத்தில இடம் கேட்டனீங்கள் எல்லே?”

கதிரவேல் யன்னலால் கடலைப் பார்த்தார். மகனின் வள்ளம் தூரத்தில், பாறைப் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

“ஒருக்காத்தானே...” என்றார் கடைசியில்.

அலியார் மற்றவர் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு என்ன வேணும் டீச்சர்?”

“சீ, எனக்கு ஒண்டும் வேணாம் அலியார் நானா! லஞ்சம் வாங்குற ஆளா நான்?” சித்தி பரீதா கதிரையைக் கணினிக்கு அருகே இழுத்துப் போட்டார். “பேரை எனக்கும் காட்டினாப் போதும். நாலு நாளா நித்திரையே இல்ல.”

“ஆளைத் தெரிஞ்சால் என்ன செய்யப்போறீங்கள் தலைவர்?” கதிரவேலின் குரல் இறங்கியிருந்தது.

“அத நான் பாத்துக்கொள்றன்.”

கதிரவேல் பெருவிரலை வேட்டியில் இரண்டு தரம் துடைத்த பிறகே வைத்தார். டீச்சரின் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது.

திரை மாறியது. டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்க வாசித்தார்.

“முறைப்பாடு செய்தவர்... எம்.எஸ். அலியார், தலைவர்.”

இருவரும் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

“நான்தான் பொய்யா எழுதினனான். மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் வெளியில போகல்ல,” என்றபடி அலியார் கணினியை மூடினார். “ஐஸ் பக்டரியில நடக்கிற ஒரு அநியாயத்தப் பத்தி, ஒரு ஆள் உண்மையாவே முறைப்பாடு எழுத நிக்குது. ‘பேர் வெளியில வராதுதானே?’ எண்டு பயந்து பயந்து என்னட்டக் கேட்டது.”

அலியார் கதவைத் திறந்தார். “பாத்துச் சொல்றன் எண்டு அந்த ஆளுக்குச் சொன்னனான்.”