முதல் குடம்

"ஏட்டி வடிவு, மகளுக்கு நல்லாத்தான் பழக்கிக் கொடுத்திருக்க. பிள்ளைய விட்டுத் திருட்டு நம்பர் போடுத, என்ன?"

இசக்கியம்மாள் கேட்ட கேள்விக்குத் தாராவிக் குழாயடியில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் சொன்னாலே பக்கத்துச் சந்துக்குக் கேட்கும்.

சண்முகவடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் தோல் கிடங்குக்குக் கிளம்புமுன் இட்லி ஊற்றி இறக்கிவிட்டு, கை ஈரம்கூடக் காயாமல் ஓடி வந்திருந்தாள்.

"நான் என்ன மதினி செஞ்சேன்?"

"கேக்கா பாரு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி. விடியமுன்ன வந்து குடத்த வச்சு நம்பர் போடுதவ நான். நீ எல்லாருக்கும் கடைசியா வந்து வச்சிட்டுப் போவ. தண்ணி வரும்போது பாத்தா உன் குடம் குழாய்க்கு நேரா இருக்கும். கால் முளைச்சு நடந்தா வந்துச்சு?"

வாஸ்தவம்தான். கொஞ்ச நாளாகவே அவள் குடம் முன்னால்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மர்யம் இரக்கப்பட்டு நகர்த்தி வைக்கிறாள் என்று சண்முகவடிவு நினைத்திருந்தாள். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடுகிறாளே என்று ஒருத்திக்காவது தோன்றாதா என்ன?

மர்யமைப் பார்த்தாள்.

"நான் தொடவே இல்ல வடிவு," என்றாள் மர்யம்.

"அவ ஏன் தொடுதா? எல்லாம் உன் மக வேலை."

மகள் பேச்சி எப்போதும்போலக் குழாய் ஓரத்தில் உட்கார்ந்து, சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குலதெய்வத்தின் பேரை ஆசையாக வைத்தார்கள். பேர்தான் பேச்சி, ஏழு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. மாட்டுங்காவில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது, இது வேறு ஏதோ என்றார். வேறு ஏதோ என்றால் என்ன என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பேசாவிட்டால் போகிறது. முகத்தைப் பார்க்கமாட்டாள். தூக்கினால் கட்டை போல விறைத்துக்கொள்வாள். அம்மா கடைக்குப் போனால் அழுகை கிடையாது, திரும்பி வந்தால் சிரிப்பும் கிடையாது. தலை வாரும்போதெல்லாம் சண்முகவடிவு அந்தப் பின்னந்தலையிடம் கேட்பாள், "நான் யாருன்னு உனக்குத் தெரியுமாட்டி?" என்று. அம்மா என்று கூப்பிடக்கூட வேண்டாம். சோறு ஊட்டுகிற கை யாருடையது என்று தெரிந்தால் போதும். அந்த ஏக்கம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"என் பிள்ளைக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் மதினி இப்படிக் கெடந்து தவிக்கேன்?"

"அப்ப நான் பொய் சொல்லுதேனா? எல்லாரும் பாருங்க."

இசக்கியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடங்களைத் தாறுமாறாகக் கலைத்தாள். எல்லாம் பித்தளை, எல்லாம் கலியாணச் சீராக வந்தவை, ஒன்று போலவே இருந்தன. சண்முகவடிவின் குடத்தை மட்டும் எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரோரம் தள்ளினாள்.

பேச்சி எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முதலில் இருந்த குடத்தின் கழுத்தில் விரலை வைத்து, பேர் வெட்டியிருந்த இடத்தைத் தடவினாள். விட்டுவிட்டாள். அடுத்த குடத்தைத் தடவினாள். அதையும் விட்டாள். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே சுவரோரம் வரை போனவள், அங்கே நின்றுவிட்டாள். அந்தப் பேரை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினாள். பிறகு அந்தக் குடத்தை வயிற்றோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து, குழாய்க்கு நேராக வைத்துவிட்டுப் பழையபடி உட்கார்ந்துகொண்டாள்.

அதில் வெட்டியிருந்த பேர் சண்முகவடிவு.

"பாத்தியளா? எனக்கே எழுத்து வாசிக்கத் தெரியாது. இது பள்ளிக்கூடம் பக்கமே போகாத பிள்ளை. நீ சொல்லிக் கொடுக்காம உன் பேரு இதுக்கு எப்படித் தெரியும்? இத்தன குடத்துல இது அவ அம்மா குடம்னு கண்டுபிடிச்சுல்லா கொண்டு வைக்கா."

சண்முகவடிவு அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்தக்கூடத் தோன்றாமல் அப்படி ஒரு அழுகை.

பத்துப் பேர் முன்னால் மானம் போயிற்றே என்று அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் இசக்கியம்மாள். கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

"சரி, விடு. இனிமே செய்யாதன்னுதான் சொல்லுதேன். அதுக்குப் போயி அழுவாளா?"

"மதினி, இப்ப சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க."

"எத?"

"யாரு குடம்னு தெரிஞ்சு வைக்கா?"

இசக்கியம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பேச்சியைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சண்முகவடிவைப் பார்த்தாள்.

"அவ அம்மா குடம்னு," என்றாள் மெதுவாக.

குழாய் செருமிக்கொண்டு தண்ணீரைக் கக்கியது. என்ன இருந்தாலும் நம்பர் நம்பர்தான். சண்முகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் குடத்தைக் கடைசிக்குக் கொண்டுபோகக் குனிந்தாள்.

இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கேயே இருக்கட்டும் தாயீ. உன் பிள்ளை போட்ட நம்பர மாத்த இங்க எவளுக்கும் பாத்தியத கிடையாது."