நூற்றிருபதைத் தாண்டினால்

மனித உரிமை வக்கீல்களின் மனநலத்தைக் காக்க அரசு மாட்டிவிட்ட பட்டை எமல்டாவின் மணிக்கட்டிலும் இருந்தது. நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டினால் அவளுக்குக் கட்டாய ஓய்வு, வழக்குக்கு வாய்தா. அவ்வளவு அக்கறை!

போலீஸ் தரப்பு வக்கீலுக்கு இது போதாதா? லாக்கப்பில் செத்த பையனின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை, காயம் காயமாக, நிறுத்தி நிதானமாக வாசித்தார். எமல்டா பல்லைக் கடித்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது காயத்தில் பட்டை அலறியது. ஒன்பதாவது முறையாக வழக்கு தள்ளிப்போனது.

வராண்டாவில் பையனின் தாய் பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாய்தாவுக்கு நான் அழ மாட்டேம்மா. நீங்களும் அவன யாரு பெத்த புள்ளையோன்னு நெனச்சுக்கிடுங்க."