கழுவிய கைகள்

மயாமி மருத்துவமனை அறையில் மத்தியான வெயில் கட்டில் கம்பியில் பட்டுத் தெறிக்கிறது. ஒஸ்னியெல் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறான். கியூபாவில் அவன் சர்ஜன். டாக்டர் பயிற்சிக்கு இடம் கிடைக்க அமெரிக்க அனுபவம் வேண்டுமாம். அதனால் இங்கே நர்ஸ். கழுவியவன் ஈரக் கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, கையுறை மாட்டிவிடும் ஆளுக்காக நிற்கிறான். யாரும் வரவில்லை. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. “யாரு தம்பி உன் மேல துப்பாக்கிய நீட்டுறது, இப்படிக் கையத் தூக்கிட்டு நிக்கிறே? எனக்கு இங்க மூத்திரம் முட்டுது!” படுக்கையில் கிடக்கும் கிழவர் எவேலியோ சிரிக்கிறார். “பழக்கதோஷம், பெரியவரே. ஊர்ல ஆபரேஷன் பண்ணிட்டிருந்தேன்.” கைகள் இறங்குகின்றன, தானே கையுறை மாட்டிக்கொண்டு பெட்பேனை எடுக்கிறான். கிழவரின் சிரிப்பு நின்றுவிடுகிறது. கம்பியைப் பிடித்து இடுப்பைத் தூக்கிக் கொடுக்கிறார். “வைங்க, டாக்டர்.”