வலப்பக்கக் கூண்டுகள்

எல்லா எலிகளும் உயிரோடிருந்தன.

லீமா இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். இடப்பக்க வரிசை. வலப்பக்க வரிசை. ஒன்றுகூடத் துடிக்கவில்லை. உமியைக் கிளறிக்கொண்டும் கம்பியில் மூக்கை உரசிக்கொண்டும் அவை தத்தம் காலையைத் தொடங்கியிருந்தன.

அவள் சிலுவை வரைந்துகொண்டாள்.

"என்னக்கா, எலிக்கும் ஜெபமாலை சொல்லியாச்சா?" என்று கேட்டபடி ரதீஷ் மடிக்கணினியைத் திறந்தான்.

"உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன் சார். மீசை வெச்ச எல்லாத்துக்கும்."

அவன் சிரித்தான். பல நாட்களுக்குப் பிறகு அவள் கேட்ட சிரிப்பு அது.

அந்த மருந்தியல் கல்லூரியில் ரதீஷ் ஆய்வு மாணவன். கூண்டுகளைக் கழுவி, எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பது லீமாவின் வேலை. அதற்காகவே மணவாளக்குறிச்சியிலிருந்து முதல் பேருந்தில் வந்து சேர்வாள்.

ஆய்வு, வலிப்புக்கான ஒரு மருந்தைப் பற்றியது. மலைவேர் ஒன்றிலிருந்து ரதீஷ் பிரித்தெடுத்தது. முதலில் எல்லா எலிகளுக்கும் ஊசி போட்டு வலிப்பை வரவழைத்தான். பின்பு இடப்பக்கத்துக்கு மருந்து கலந்த தண்ணீர். வலப்பக்கத்துக்கு வெறும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, துடிப்பதற்கென்றே விடப்பட்ட வரிசை அது.

லீமாவின் மகன் லிஜினுக்கு எட்டு வயது. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரியாக வாங்கிய எந்த மாத்திரையும் அவனுடைய வலிப்பை நிறுத்தவில்லை. நேற்று மாலையும் முற்றத்தில் விழுந்து, நாக்கைக் கடித்து, வாயெல்லாம் ரத்தமும் மணலுமாகக் கிடந்தான்.

விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் அவன் எதையோ தொலைத்துவிட்டு எழுந்தான். நேற்று அவளை 'அம்மா' என்று அழைக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

கத்தாரிலிருந்து அழைக்கும் கணவன் ததேயுஸ், இப்போதெல்லாம் எலிகளை விசாரித்த பிறகே மகனை விசாரித்தான்.

ஆய்வு தொடங்கிய புதிதில், அந்த மருந்தில் ஒரு மூடி தரும்படி அவள் ரதீஷிடம் கேட்டாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"எலியில பலன் தெரியாம பிள்ளைக்குக் குடுத்தா நான் கொலகாரனாயிருவேன்க்கா. மொதல்ல அதுக பொழைக்கட்டு. பொறவுதான் பெரிய டாக்டருமாரு நம்மள ஏறெடுத்துப் பாப்பாவ."

அதுக பொழைக்கட்டு. அந்த ஒன்றை மட்டும் அவள் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அன்றிலிருந்து எலிகளைப் பிழைக்கவைப்பது அவளுடைய வேலையாயிற்று.

துடிக்கும் எலியைத் துணியில் ஏந்தி, லிஜினுக்கு டாக்டர் சொல்லித்தந்தபடியே ஒருக்களித்துக் கிடத்துவாள். முன்கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். வாயோரம் நுரை வழியும். பிறகு, யாரையும் அடையாளம் தெரியாத அந்தக் கண்கள் மெல்லத் திறக்கும்.

அந்தக் கண்களை அவள் அறிவாள்.

வலப்பக்கக் கூண்டுகளின் முன்னால்தான் அவள் கூடுதல் நேரம் நின்றாள். தாங்கள் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது.

இன்று அவையும் பிழைத்திருந்தன.

கடைசி வாரத்துக் கணக்கையும் சேர்த்துவிட்டு, ரதீஷ் திரையைப் பார்த்தான். இரண்டு வரிசைகளுக்கும் இரண்டு கோடுகள். பிரிந்து செல்ல வேண்டிய அவை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன.

அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கூட்டினான். கோடுகள் அசையவில்லை.

"நல்லதுதானே சார்? ஒண்ணுகூடச் சாகல்லையே."

"அதுதாம்க்கா கேடு." அவன் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "மருந்து குடிச்சதும் தேறிட்டு, குடிக்காததும் தேறிட்டு. பொறவு தேத்துனது மருந்துன்னு நான் எப்பிடிச் சொல்ல? எல்லாம் தன்னால தேறியிருக்கு. இந்த வேருல ஒரு மண்ணும் இல்ல. இன்னைக்கே முடிச்சிரணும்."

முடிப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். எல்லா எலிகளையும், எந்த வரிசை என்ற பேதமின்றி, மயக்கிக் கொன்று மூளையை எடுத்துப் பார்ப்பார்கள். கூண்டுகளை அவள் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். மருந்து யாருக்கும் தேவைப்படாத ஒரு புட்டியாகிவிடும்.

லிஜின் இன்று மாலையும் விழுவான். நாளையும்.

வலப்பக்கக் கூண்டின் கம்பியை அவள் பற்றிக்கொண்டாள். உள்ளிருந்த எலி வந்து, பழகிய மணம் தெரிந்து, அவள் விரலை நக்கியது.

அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொருக்க செய்யலாமா சார்? புது எலிய வெச்சு?"

"எதுக்குக்கா? மறுபடியும் இதேதான் வரும்."

"வராது சார்."

ரதீஷ் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, கூண்டுகளையும் பார்க்கவில்லை.

"மாதாவாணை, இந்தத் தடவ வலது பக்கத்துக்கு வெறும் தண்ணிதான் ஊத்துவேன். அதுக எவ்வளவு துடிச்சாலும்."